இராமச்சந்திரன் வரைபடம்: சென்னையில் உருவான புரத அமைப்பியலின் வரலாறு

இராமச்சந்திரன் வரைபடம் என்பது ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பி மடங்க முடியும், எந்தெந்தக் கோணங்களில் மடங்கவே முடியாது என்பதைக் காட்டும் இருபரிமாண வரைபடம் ஆகும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் இதனை 1963-ஆம் ஆண்டு வெளியிட்டனர். இன்று உலகின் எந்த ஆய்வகத்தில் ஒரு புதிய புரதத்தின் அமைப்பு கண்டறியப்பட்டாலும், அந்த அமைப்பு நம்பத்தக்கதா என்று சோதிக்கப் பயன்படும் முதன்மையான அளவுகோல்களுள் இதுவும் ஒன்று.

இவ்வரைபடம் திடீரென்று தோன்றியதன்று. கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பைப் பற்றிச் சென்னைக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இடையே எழுந்த ஒரு கருத்து வேறுபாட்டிலிருந்து பிறந்தது. தம் கண்டுபிடிப்பின் மீது வந்த மறுப்பைச் சென்னைக் குழுவினர் எப்படி ஒரு பொது விதியாக மாற்றினர் என்பதே இதன் வரலாறு.

புரதமும் அதன் வடிவமும்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலி. உயிரினங்களில் பொதுவாக 20 வகை அமினோ அமிலங்கள் இச்சங்கிலிகளில் இடம்பெறுகின்றன. சங்கிலி நூல்போல் நீண்டு கிடப்பதில்லை. குறிப்பிட்ட வகையில் சுருண்டும் மடிந்தும் ஒரு முப்பரிமாண வடிவம் பெறுகிறது. அந்த வடிவமே அதன் பணியைத் தீர்மானிக்கிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமப்பதும், நொதிகள் உணவைச் செரிக்கச் செய்வதும், கொலாஜன் தோலுக்கும் எலும்புக்கும் வலிமை தருவதும் அவற்றின் வடிவத்தால்தான்.

1951-இல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங், ராபர்ட் கோரி முதலியோருடன் சேர்ந்து, புரதச் சங்கிலியில் அடிக்கடி காணப்படும் ஆல்ஃபா சுருள், பீட்டா தாள் என்ற இரு வடிவங்களை முன்வைத்தார். இரண்டு அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பைச் சுற்றியுள்ள அணுக்கள் ஒரே தளத்தில் தட்டையாக அமைகின்றன என்பது அவருடைய ஆய்வின் அடிப்படை. இந்தத் தட்டையான அமைப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சென்னையில் நடந்த கணக்கீடு முழுவதும் இதன் மீதே எழுந்தது.

சென்னைக்கு வந்த இளம் பேராசிரியர்

ஜி. என். இராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயரின் முன்னெழுத்தில் உள்ள 'ஜி' திருநெல்வேலிச் சீமையின் கோபாலசமுத்திரத்தைக் குறிக்கும். தந்தை நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். இராமச்சந்திரன் திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்டம் பெற்று, 1942-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். முதலில் சேர்ந்தது மின்பொறியியல் துறையில். பின்னர் சர் சி. வி. இராமனிடம் இயற்பியலுக்கு மாறினார். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் பணியாற்றி முனைவர் பட்டம் பெற்றார்.

அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். இயற்பியல் துறையைத் தொடங்கி நடத்தத் தகுந்த ஒருவரைத் தேடிய அவருக்கு, இராமன் தம் மாணவரைப் பரிந்துரைத்தார். 1952-இல், ஏறத்தாழ 30 வயதில், இராமச்சந்திரன் அத்துறையின் பேராசிரியராகவும் தலைவராகவும் பொறுப்பேற்றார். எக்ஸ்-கதிர்ப் படிகவியலே அவருடைய கருவி. ஒரு பொருளின் வழியே எக்ஸ்-கதிர்களைச் செலுத்தி, அவை சிதறும் விதத்திலிருந்து உள்ளே அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்று அறியும் முறை அது.

அந்நாளில் சென்னைக்கு வந்த ஆங்கிலேய அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனுக்கு அதுவரை சொல்லப்பட்ட அமைப்புகள் எதுவும் நிறைவு தரவில்லை என்று குறிப்பிட்டார். இராமச்சந்திரன் அதனையே தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். விலங்குத் தோலின் முதன்மைப் புரதம் கொலாஜன். தோல் பதனிடும் தொழிலுக்காக 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே இருந்தது. எக்ஸ்-கதிர்ப் படம் தெளிவாக விழுவதற்குக் கங்காருவின் வால் தசைநாணிலிருந்து கிடைக்கும் கொலாஜன் ஏற்றதாக அமைந்தது.

முச்சுருள் அமைப்பு

இந்த ஆய்வில் இராமச்சந்திரனுக்குத் துணையாக இருந்தவர் கோபிநாத் கர்த்தா. கொலாஜனை வேதியியல் முறையில் பகுத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசினாக இருப்பது அப்போதே தெரிந்திருந்தது. கிளைசின் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. அதன் பக்கக்கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. மற்றொரு பெரும் பகுதி புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும்.

மூன்றில் ஒரு பங்கு என்பது தற்செயலன்று, சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் வருகிறது என்று அவர்கள் கருதினர். மூன்று சங்கிலிகள் அருகருகே சென்றால், ஒவ்வொரு சங்கிலியின் கிளைசினும் நடுவில் உள்ள குறுகிய இடத்தை நோக்கி அமையும். வேறு எந்த அமினோ அமிலத்துக்கும் அங்கே இடமில்லை. இந்தக் கருத்தைக் கொண்ட மூன்று சங்கிலி அமைப்பை 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்தியாவின் நிர்வாகத்துக்கு மாறியதும் அதே ஆண்டில்தான்.

1955-இல் அவர்கள் இந்த அமைப்பைத் திருத்தினர். மூன்று சங்கிலிகளும் நேராக நிற்காமல் கயிறுபோல் ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன என்றனர். ஒவ்வொரு சங்கிலியும் இடப்புறமாகச் சுருண்டிருக்க, மூன்றும் சேர்ந்து வலப்புறமாக முறுக்கப்பட்டுள்ளன. கயிறு திரிப்பவர்கள் இழைகளை ஒரு திசையிலும், அவற்றைச் சேர்த்து எதிர்த்திசையிலும் முறுக்குவது ஏன் என்று எண்ணிப் பார்த்தால் இதன் வலிமை விளங்கும். இழுத்தாலும் கயிறு பிரிவதில்லை. ஒரு கொலாஜன் மூலக்கூறின் நீளம் ஏறத்தாழ 300 நானோமீட்டர். தடிமன் ஏறத்தாழ 1.5 நானோமீட்டர் மட்டுமே.

கேம்பிரிட்ஜிலிருந்து வந்த மறுப்பு

அதே 1955-ஆம் ஆண்டின் இறுதியில், டி.என்.ஏ. அமைப்பைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச்சுடன் சேர்ந்து கொலாஜன் பற்றி ஒரு கட்டுரையை 'நேச்சர்' இதழில் எழுதினார். மூன்று சங்கிலிகள் சுற்றிக்கொள்கின்றன என்ற சென்னைக் குழுவின் அடிப்படைக் கருத்து சரி என்று அவர்கள் ஏற்றனர். ஆனால் அமைப்பின் நுணுக்க விவரம் தவறு என்றனர்.

மறுப்பின் சாரம் இதுதான். சென்னை அமைப்பில் ஒவ்வொரு மூன்று அமினோ அமிலங்களுக்கும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் சங்கிலிகளை இணைத்தன. அவ்வாறு இரண்டையும் அமைக்க முயன்றால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிடுகின்றன. எனவே ஒரு பிணைப்புதான் இருக்க முடியும் என்பது அவர்கள் வாதம்.

இம்மறுப்பு எளிதில் புறந்தள்ளத் தக்கதாக இல்லை. அதே சமயம் அதற்குள் ஒரு கேள்வி மறைந்திருந்தது. இணைக்கப்படாத இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கினால் அளவுக்கு மீறிய நெருக்கம்? 3 ஆங்ஸ்ட்ராம் போதுமா, 3.2 வேண்டுமா? இதற்கு அனைவரும் ஒப்புக்கொண்ட அட்டவணை எதுவும் அப்போது இல்லை. அவரவர் தத்தம் மதிப்பைக் கொண்டு வாதிட்டனர். அளவுகோல் இல்லாத வாதம் முடிவுக்கு வராது என்பதை உணர்ந்த இராமச்சந்திரன், முதலில் அளவுகோலை உருவாக்கத் தீர்மானித்தார்.

முடியாதவற்றின் கணக்கு

சென்னைக் குழுவினர் அதுவரை வெளியான அமினோ அமிலம், சிறு பெப்டைடு முதலியவற்றின் படிக அமைப்புகளைத் திரட்டி, இணைக்கப்படாத அணுக்கள் உண்மையில் எவ்வளவு தூரம் வரை நெருங்குகின்றன என்று பார்த்தனர். ஒவ்வொரு அணு இணைக்கும் இரண்டு எல்லைகளை வகுத்தனர். ஒன்று வழக்கமான எல்லை. மற்றொன்று அரிதாக எட்டப்படும் கடைசி எல்லை. கார்பனுக்கும் கார்பனுக்கும் இவை 3.2, 3.0 ஆங்ஸ்ட்ராம், ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 2.0, 1.9 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு.

அடுத்த படி, இந்த எல்லைகளைப் புரதச் சங்கிலிக்குப் பொருத்துவது. மாணவர்கள் இதனை ஒரு சிறு செய்முறையால் புரிந்துகொள்ளலாம். இரண்டு அஞ்சலட்டைகளை எடுத்து, மூலையோடு மூலை சேர்த்து ஒரு குண்டூசியால் இணைக்கவும். ஒவ்வோர் அட்டையும் பாலிங் சொன்ன தட்டையான பெப்டைடு தளம். குண்டூசி இருக்கும் இடம் ஆல்ஃபா கார்பன் அணு. அட்டைகள் வளையா, ஆனால் அந்த மூலையில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சுழற்றலாம். முதல் அட்டையின் சுழற்சிக் கோணம் ஃபை. இரண்டாம் அட்டையின் சுழற்சிக் கோணம் சை. பக்கக்கிளைகளை விட்டுவிட்டுப் பார்த்தால், புரதச் சங்கிலியின் முதுகெலும்பு எவ்வாறு செல்கிறது என்பதை ஒவ்வோர் ஆல்ஃபா கார்பனிலும் உள்ள இந்த இரண்டு கோணங்களே சொல்லிவிடும்.

அட்டைகளைச் சுழற்றிப் பார்த்தால் சில நிலைகளில் அவை ஒன்றோடொன்று மோதுவதைக் காணலாம். அணுக்களும் அப்படியே மோதுகின்றன. மோதாத நிலைகள் எவை என்று கணக்கிட வேண்டும். 10 பாகைக்கு ஒரு முறை எனக் கொண்டாலே 36 × 36 = 1,296 நிலைகள் உள்ளன. ஒவ்வொரு நிலையிலும் பல அணு இணைகளின் தூரத்தைக் கணிக்க வேண்டும். கணினி கைக்கு எட்டாத அக்காலத்தில் இந்த உழைப்பு மேசைக் கணிப்பான்களால் நடந்தது. சசிசேகரனின் தொடக்கக் கணக்கீடுகள் 1962-இல் வெளியான கொலாஜன் கருத்தரங்கத் தொகுப்பில் இடம்பெற்றன. இராமகிருஷ்ணனும் சேர்ந்து நிறைவு செய்த முழுமையான வடிவம் 1963-இல் 'ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி' இதழில் ஐந்து பக்கக் கட்டுரையாக வந்தது.

வரைபடத்தைப் படிக்கும் முறை

கிடை அச்சில் ஃபை கோணமும் நிலை அச்சில் சை கோணமும் −180 பாகை முதல் +180 பாகை வரை குறிக்கப்படுகின்றன. சதுரத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிலை. கணக்கீட்டின் முடிவில் சதுரத்தின் பெரும்பகுதி வெறுமையாக நின்றது. அரிய எல்லையைக் கொண்டு பார்த்தாலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இடம் அணுக்கள் மோதும் இடமே. எஞ்சியவை சில தீவுகள்.

• இடப்புறம் மேலே உள்ள பெரிய தீவு பீட்டா தாளுக்குரியது. கொலாஜன் சங்கிலியின் கோணங்களும் இப்பகுதியிலேயே விழுகின்றன.
• இடப்புறம் நடுவுக்குச் சற்றுக் கீழே வலப்புற ஆல்ஃபா சுருளின் இடம். ஃபை ஏறத்தாழ −57 பாகை, சை ஏறத்தாழ −47 பாகை.
• வலப்புறம் மேலே உள்ள சிறு தீவு இடப்புற ஆல்ஃபா சுருளுக்குரியது. புரதங்களில் இது அரிது.

பாலிங் தம் நுண்ணறிவால் கண்ட இரு வடிவங்களும் அணுக்கள் மோதாத தீவுகளிலேயே விழுந்தன. இயற்கை ஏன் அவ்விரு வடிவங்களை மீண்டும் மீண்டும் பயன்படுத்துகிறது என்பதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. வேறு இடம் அதிகம் இல்லை.

இரண்டு அமினோ அமிலங்கள் இப்பொது விதிக்கு விலக்கு. கிளைசினுக்குப் பக்கக்கிளை இல்லாததால் மோதல் குறைவு. சதுரத்தில் பாதி அளவு இடம் அதற்குத் திறந்திருக்கிறது. புரோலினின் பக்கக்கிளை திரும்பி வந்து முதுகெலும்போடு வளையமாக இணைந்துவிடுவதால், அதன் ஃபை கோணம் −65 பாகையை ஒட்டியே கட்டுண்டு கிடக்கிறது. மிகுந்த விடுதலை உடையதும் மிகக் கட்டுண்டதுமான இவ்விரண்டுமே கொலாஜனில் நிறைந்துள்ளன. புரோலின் சங்கிலியை விறைப்பாக வைக்கிறது. கிளைசின் நடுவில் நெருங்க இடம் தருகிறது. கொலாஜனில் தொடங்கிய கேள்வியின் விடை, கொலாஜனையே முன்னைவிடத் தெளிவாக விளக்கியது.

அமைப்பு, பணி, பரிணாமம்

அணுக்களின் மோதல் உயிரினத்துக்கு உயிரினம் மாறுவதில்லை. ஆகவே இவ்வரைபடம் பாக்டீரியாவுக்கும் வாழைக்கும் மனிதனுக்கும் ஒன்றே. இதனால் பரிணாமத்தைப் புரிந்துகொள்ளவும் இது உதவுகிறது.

மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் ஓர் அமினோ அமிலத்தின் இடத்தில் வேறொன்று வரலாம். பல மாற்றங்களால் தீங்கில்லை. ஆனால் மற்ற அமினோ அமிலங்கள் செல்ல இயலாத கோணத்தில் நிற்கும் ஒரு கிளைசினை மாற்றினால் மடிப்பு சிதையும். அத்தகைய கிளைசின்கள் ஒரு புரதக் குடும்பத்தின் வெவ்வேறு உயிரினங்களில் பெரும்பாலும் மாறாமல் காக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மாற்றம் பெற்றவை நிலைக்கவில்லை.

கொலாஜனில் இது நேரடியாகத் தெரிகிறது. கடற்பஞ்சு முதல் மனிதன் வரை விலங்குகளின் கொலாஜனில் மூன்றுக்கு ஒரு கிளைசின் என்ற ஒழுங்கு தொடர்கிறது. எலும்பின் கொலாஜனில் ஒரே ஒரு கிளைசின் பெரிய அமினோ அமிலத்தால் மாற்றப்பட்டாலும், எலும்புகள் எளிதில் முறியும் 'ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா' என்னும் பிறவி நோய் உண்டாகலாம். புரோலினை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்ற வைட்டமின் சி தேவை. நெல்லிக்காய், எலுமிச்சை போன்றவை நெடுங்காலம் கிடைக்காத மாலுமிகளுக்கு ஈறுகளில் இரத்தம் கசிந்து ஸ்கர்வி நோய் வந்ததற்கு, முச்சுருள் உறுதி பெறாததே காரணம்.

வடிவம் வரிசையைவிட நீண்ட காலம் நிலைக்கிறது என்பதற்கும் ஒரு சான்று கூறலாம். உளுந்து, பயறு முதலிய செடிகளின் வேர் முடிச்சுகளில் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் உள்ளது. அதன் அமினோ அமில வரிசை நம் தசையில் உள்ள மையோகுளோபினிலிருந்து பெரிதும் வேறுபட்டது. ஆயினும் இரண்டும் ஆல்ஃபா சுருள்களால் ஏறத்தாழ ஒரே வகையில் மடிந்துள்ளன. மிகப் பழங்காலத்தில் பிரிந்த உறவை மடிப்பு இன்னும் காட்டுகிறது.

பிற்காலம்

சென்னையில் 1963-இலும் 1967-இலும் இராமச்சந்திரன் பன்னாட்டுக் கருத்தரங்குகளை நடத்தினார். 1970-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து விலகினார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் 1971-இல் அவர் வெளியிட்ட கணித முறை, எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து உடலின் உட்தோற்றத்தை மீட்டமைக்கும் வழியை எளிதாக்கியது. சி.டி. ஸ்கேன் தொழில்நுட்பத்தின் வளர்ச்சியில் அம்முறைக்கு இடமுண்டு. அதே காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். 1977-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1999-இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்ட் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

கோபிநாத் கர்த்தா அமெரிக்கா சென்று, 1967-இல் ரைபோநியூக்ளியேஸ் நொதியின் அமைப்பைக் கண்டறிந்த குழுவில் முதன்மைப் பங்கு வகித்தார்.

மதிப்பீடு

கொலாஜன் பற்றிய வாதம் என்ன ஆயிற்று? 1994-இல் கொலாஜனை ஒத்த ஒரு பெப்டைடின் படிக அமைப்பு 1.9 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் வெளியாயிற்று. மூன்று சங்கிலிகள் முறுக்கிய முச்சுருள் உறுதியாயிற்று. மூன்று அமினோ அமிலங்களுக்கு நேரடியான ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றே எனக் கண்டதில் ரிச், கிரிக் ஆகியோரின் திருத்தம் சரியாக நின்றது. சங்கிலிகளைச் சூழ்ந்து நீர் மூலக்கூறுகள் வலைபோல் பிணைப்பதும் அப்படிகத்தில் தெரிந்தது. நீர் வழியாகவும் பிணைப்பு அமையலாம் என்று 1968-இல் இராமச்சந்திரன் தம் அமைப்பைத் திருத்திக் கூறியிருந்தார். ஆகவே அடிப்படை வடிவம் சென்னையினுடையது, நேரடிப் பிணைப்பின் கணக்கு கேம்பிரிட்ஜினுடையது என்று கூறுவதே நடுநிலையாகும். பாடநூல்கள் ஒரு தரப்பை மட்டும் குறிப்பிட்டால் அது முழு வரலாறு ஆகாது.

ஆனால் அந்த வாதத்தின் விளைவாக வந்த வரைபடம் வாதத்தைவிடப் பெரிதாயிற்று. 1971-இல் ஏழு அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் உள்ளன. அங்கு வைக்கப்படும் புரத அமைப்புகளின் சோதனை அறிக்கையில், எத்தனை அமினோ அமிலங்கள் இராமச்சந்திரன் எல்லைக்கு வெளியே விழுந்தன என்ற எண் இடம்பெறுகிறது. புரத மடிப்பைக் கணினியால் முன்கணித்ததற்கு 2024-இல் டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செயற்கை நுண்ணறிவு தரும் அமைப்புகளையும் ஆய்வாளர்கள் இதே வரைபடத்தில் இட்டுப் பார்க்கின்றனர்.

புதுச்சேரி, சென்னை, மதுரை எனத் தமிழ் பேசும் பகுதிகளில் உயிர்த் தகவலியல் பயிலும் மாணவர்கள் இப்பெயரை மென்பொருளின் பட்டியலில் ஒரு கட்டளையாக நாள்தோறும் காண்கின்றனர். அப்பெயருக்குப் பின்னால் இருப்பது விலையுயர்ந்த கருவியன்று. அணுக்களுக்கும் இடம் வேண்டும் என்ற எளிய உண்மையும், அதைக் கடைசி வரை கணக்கிட்டுப் பார்த்த பொறுமையும், மறுத்துச் சொன்னவரின் வாதத்திலிருந்து ஒரு நல்ல கேள்வியைப் பிரித்தெடுத்த அறிவுமே ஆகும்.